படத்தில் மழை இல்லை

1

இந்தக் கதையை என்னிடம் கேட்டு வாங்கினார்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பக்கத்துப் பக்கத்து நாடுகள் இரண்டின் வானிலைத் துறைகள் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கிப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு ஒரு மலர் போடுகிறார்கள். கட்டுரைகள், வரைபடங்கள், இரண்டு இயக்குநர்கள் கைகுலுக்கும் புகைப்படங்கள், நடுவில் பொதுமக்கள் படிக்கும்படி ஒரு சிறுகதை. நான் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் அறிவியல் எழுதுகிறவன். பூட்டு எப்படித் திறக்கிறது, குளிர்பெட்டிக்குள் குளிர் எங்கிருந்து வருகிறது, இப்படி. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று யாராவது கேட்டுவிட்டால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அதனால்தான் என்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

"ஒத்துழைப்புன்னா என்னன்னு ஜனங்களுக்குப் புரியணும் சார். கடைசியில கொஞ்சம் நெகிழ்ச்சியா முடிச்சுக் குடுத்துடுங்க," என்றார் எங்கள் நாட்டுத் துறையின் இயக்குநர்.

நெகிழ்ச்சி வரவில்லை. வெட்கம்தான் வந்தது. யாருடையது என்று போகப் போகத் தெரியும். என் சட்டையிலும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: "நகரத்தின் விளிம்பில், ஒரு மேட்டின் உச்சியில், இரும்புக் கோபுரத்தின் தலையில் ஒரு வெள்ளைக் கோளம், கீழே விழாமல் நின்றுவிட்ட நிலாவைப் போல—" நிலா என்றதும் நிறுத்திவிட்டேன். அந்தக் கோளம் எதையும் போல இல்லை. பெரிய தண்ணீர்த் தொட்டி மாதிரிதான் இருக்கிறது.

இரண்டாவது: "மேகங்களுக்கு எல்லைக்கோடு தெரியாது." இதை எழுதியதும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன். அந்த மலரில் இதே வாக்கியம் எப்படியும் நாலு கட்டுரையில் இருக்கும்.

மூன்றாவது: "அவள் மைக்கைத் தட்டிப் பார்த்தாள்."

இதை வைத்துக்கொள்கிறேன்.

அவள் எங்கள் நாட்டு வானிலைத் துறையின் மக்கள் தொடர்பு அலுவலர். பள்ளிகளுக்குப் போவாள், வானொலியில் பேசுவாள், மீன்பிடிப்பவர்கள் கூட்டத்தில் பலகை வைத்து விளக்குவாள். கையில் எப்போதும் மைக் இருக்கும் என்பதால் அலுவலகத்தில் அவள் பெயர் மைக்கக்கா. (நேரில் நான் அவரை 'நீங்க' என்றுதான் பேசுவேன். கதைக்குள் வந்ததும் 'அவள்' ஆகிவிட்டாள். கதாபாத்திரம் என்றால் மரியாதையைக் குறைக்கலாம் என்று நமக்கு யார் உரிமை கொடுத்தார்கள் தெரியவில்லை. இதைச் சரிசெய்ய முடிகிறதா பார்க்கிறேன்.)

3

ரேடார் எப்படி வேலை செய்கிறது என்று இங்கே சொல்லியாக வேண்டும்.

(எச்சரிக்கை: நான் விளக்கத் தொடங்கினால் ஒன்று, எனக்குச் சந்தோஷம், அல்லது, எதையோ தள்ளிப்போடுகிறேன். இந்தக் கதையில் இரண்டும் உண்டு.)

வெள்ளைக் கோளம் வெறும் உறை. உள்ளே ஒரு பெரிய கிண்ணம் சாய்ந்து நின்று சுழல்கிறது. சுழன்றபடியே கண்ணுக்குத் தெரியாத அலை ஒன்றைச் சட்டென்று அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். அந்த அலை போய் மழைத்துளிகளில் மோதி, துளியூண்டு திரும்பி வரும். எவ்வளவு நேரம் கழித்து வந்தது என்பதை வைத்து மழை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியும். எவ்வளவு பலமாக வந்தது என்பதை வைத்து எவ்வளவு கனத்த மழை என்று தெரியும். அவ்வளவுதான் சூட்சுமம். ஒரு பங்கு பேசினால் ஆயிரம் பங்கு கேட்கும் கருவி அது. மனிதர்களில் அப்படி ஒருவரை நான் கண்டதில்லை. என்னைப் போன்றவர்கள் நேர்மாறு.

அதற்கு இரண்டு குறைகள். ஒன்று, கிண்ணத்தால் முழுக்க அண்ணாந்து பார்க்க முடியாது. அதனால் தன் தலைக்கு நேர் மேலே இருப்பது அதற்குத் தெரியாது. படத்தில் ரேடார் இருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு சிறு வெற்று வட்டம் விழும். இரண்டு, அலை நேராகப் போகிறது, பூமியோ வளைகிறது. தூரம் போகப் போக அலைக்கும் தரைக்கும் இடைவெளி கூடிக்கொண்டே வரும். இருநூறு கிலோமீட்டர் தள்ளி அது தரையிலிருந்து ஏறக்குறைய நான்கு* கிலோமீட்டர் உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். அதற்குக் கீழே தாழ்ந்த மேகம் ஒன்று கொட்டித் தீர்த்தாலும் தெரியாது.

இப்போது ஒத்துழைப்பின் அழகைப் பாருங்கள். எல்லைக்கு அந்தப் பக்கமும், ஏறக்குறைய அதே இருநூறு கிலோமீட்டர் தள்ளி, ஒரு ரேடார். இங்கே உள்ளதற்குத் தன் தலைக்கு மேலே தெரியாததை அங்கே உள்ளது பார்க்கும். அதற்குத் தெரியாததை இது பார்க்கும். படங்களை இரு பக்கமும் பகிர்ந்துகொள்கிறார்கள். என் உச்சந்தலையை நீ பார், உன் உச்சந்தலையை நான் பார்க்கிறேன். இயக்குநர் கேட்ட நெகிழ்ச்சி இதுதான். கதையை இந்த வரியோடு நிறுத்தியிருந்தால் எல்லாருக்கும் நிம்மதி.

* முதல் பிரதியில் 'இரண்டு' என்று எழுதியிருந்தேன். திருத்தியது யார் என்பது கடைசியில்.

4

ஆனால் அப்போது எங்கள் நாட்டு ரேடார் செத்துப் பல வாரங்கள் ஆகியிருந்தன.

அலையை உண்டாக்கும் பாகம் எரிந்துவிட்டது. புதியது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வந்துகொண்டே இருந்தது. அந்தப் பக்கத்துத் துறைக்குப் 'பராமரிப்புப் பணி' என்று எழுதினார்கள். பொதுமக்களுக்கு ஒன்றும் எழுதவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து வந்த படத்தை எடுத்து, நம் ஊர் நடுவில் வரும்படி வெட்டி, மூலையில் இருந்த அவர்களுடைய சின்னத்தை நீக்கி, நம்முடையதை ஒட்டினார்கள். இதில் கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. திறந்த நாள் வந்துகொண்டிருந்தது. அன்று மக்கள் உள்ளே வந்து எல்லாவற்றையும் சுற்றிப் பார்ப்பார்கள், அந்தப் பக்கத்திலிருந்து விருந்தினர் வருவார்கள். "விழா முடியட்டும்," என்றார் இயக்குநர். எல்லா அலுவலகங்களிலும் ஏதோ ஒன்று ஒரு விழா முடியக் காத்திருக்கிறது.

வெள்ளைக் கோளத்துக்கு ஒரு வசதி உண்டு. உள்ளே நடப்பது வெளியே தெரியாது. ஸ்பேனர் என்று எல்லாரும் கூப்பிடும் தொழில்நுட்பர் அதையும் தாண்டி ஒரு யோசனை சொன்னாராம்.

"மோட்டார் நல்லாத்தானே இருக்கு? கிண்ணத்த சும்மா சுத்த விட்டுடலாம். கீழ நிக்கிறவங்களுக்கு 'உய்ங்'னு சத்தமாவது கேக்கும்."

"அலை?" என்றாளாம் மைக்கக்கா.

"அலைய யாரு பாத்தா?"

சிரித்திருக்கிறார்கள். அவளும்தான்.

5

இப்போது கதையின் முக்கியமான இடம். நான் இதை ஒன்பது விதமாக எழுதிக் கிழித்தேன். [ஒன்பது இல்லை, நாலைந்து இருக்கும். எழுத்தாளர்கள் கிழித்ததைக் கூட்டித்தான் சொல்வார்கள்.]

மைக்கக்காவுக்கு ஒரே அண்ணன். ரேடார் இருக்கும் மேட்டுக்குக் கீழே, நெடுஞ்சாலையை ஒட்டி, செங்கல் சூளை வைத்திருக்கிறார். அச்சில் வார்த்த பச்சைக்கல்லைக் களத்தில் பரப்பி வெயிலில் காயவைத்துத்தான் சூளைக்குள் அடுக்க வேண்டும். காய்வதற்குள் மழை பிடித்தால் கல் திரும்பவும் மண். அதனால் தினமும் காலையில் தங்கைக்குப் போன் செய்வார். திறந்த நாளன்றும் செய்தார்.

"பாப்பா, இன்னிக்கு எப்படி?" (பாப்பாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது.)

அவள் எதிரே இருந்த திரையைப் பார்த்தாள். அது யாருடைய கண் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கண்ணுக்கு இந்த ஊரின் தாழ்ந்த மேகம் தெரியாது என்றும் தெரியும். எத்தனையோ பள்ளிகளில் அதைப் படம் போட்டு விளக்கியவள் அவள்தான்.

"படத்துல சுத்தமா இருக்குண்ணா. காயப் போடு."

"மேக்கால லேசா மூட்டம் இருக்கே. பாய் போட்டு மூடவா?"

"வேணாம். நல்லாக் காயட்டும்."

ஏன் அப்படிச் சொன்னாள்? என் பிரதியில் மூன்று காரணங்கள் வைத்திருந்தேன்.

(அ) விழா அவசரத்தில் மறந்துவிட்டாள்.

(ஆ) வெளியே மூச்சு விடக்கூடாது என்று இயக்குநர் சொல்லியிருந்தார்.

(இ) 'தெரியலண்ணா' என்று சொன்னால் 'ஏன்?' என்று கேட்பார். கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும். சொன்னால், தங்கையைப் பற்றிச் சூளையில் எல்லாரிடமும் பீற்றிக்கொள்ளும் அண்ணனின் முகம் எப்படி ஆகும் என்று அவளுக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மூன்றையும் அப்படியே விட்டுவைக்கிறேன். இவற்றுக்கு என்ன ஆனது என்று பிறகு சொல்கிறேன்.

6

அவள் மைக்கைத் தட்டிப் பார்த்தாள். மேட்டில் பந்தல், நாற்காலிகள், பெரிய திரை. மக்கள் நன்றாகவே வந்திருந்தார்கள். மலருக்குக் குறிப்பெடுக்க வந்த நான் மூன்றாவது வரிசை. எனக்கு முன்னால் அந்தப் பக்கத்துத் துறையின் விருந்தாளி. ரேடார் பிரிவின் தலைவி. மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்தார். அங்கேயும் நம் மொழிதான், கொஞ்சம் இழுத்துப் பேசுவார்கள்.

மைக்கக்கா பேசினாள். அப்படி ஒரு விளக்கத்தை நான் கேட்டதில்லை, பொறாமையாகவே இருந்தது. "இந்த மெஷின் ஒரு தடவ கூப்பிட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் காத்திருக்கும். நம்ம வீட்டுல யாராவது அப்படி இருக்காங்களா?" என்றாள். பெண்கள் பக்கம் சிரிப்பு. மேலே கோளத்துக்குள் 'உய்ங்' என்று சத்தம். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். திரையில் வரைபடம், நடுவில் நம் ஊர், மேலே ஒரு பொட்டு மழை இல்லை.

விருந்தாளி கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். திரையின் நடுவையே பார்த்தார். நம் ரேடாரின் படம் என்றால் நடுவில் அந்த வெற்று வட்டம் இருந்திருக்க வேண்டும். இல்லை. அவர் கண்ணாடியை மறுபடி தலைமேல் ஏற்றிக்கொண்டு கைகளை மடியில் வைத்தார். அந்தக் கைகளை நான் பார்த்தேன். அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மழை, பந்தலின் மேற்கு மூலையில் தொடங்கியது. முதலில் யாரோ கல்லெறிவது போல. பிறகு சடசடவென்று. பந்தல் துணி தொப்பையாகத் தொங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, இரண்டு வரிசைகளைக் குளிப்பாட்டியது. திரையில் வானம் பளிச்சென்று இருந்தது.

"ஏம்மா," என்று முழுக்க நனைந்த ஒரு பெண்மணி எழுந்தார். "உன் டிவியில மழையே காணோம். என் தலையில இருக்கிறது என்ன, பன்னீரா?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. மைக்கக்கா வாயைத் திறந்தாள். மைக்கில் அவள் மூச்சு மட்டும் கேட்டது.

[இங்கே ஒரு மாற்று: அவள் உண்மையைச் சொல்கிறாள். கூட்டம் அமைதியாகிறது. பிறகு ஒருவர் கைதட்ட— இல்லை. நான் அங்கே இருந்தேன். அப்படி நடக்கவில்லை.]

விருந்தாளி எழுந்து போய் மைக்கை வாங்கினார். "மன்னிக்கணும். ரெண்டு துறையும் சேந்து படங்கள இணைச்சுப் பாக்குறோம். எங்க பக்கத்துல ஏதோ கோளாறு. தப்பு எங்களுது," என்றார்.

இயக்குநர் முதலில் கைதட்டினார். பிறகு எல்லாரும்.

7

பின்பக்கம் தேநீர் மேசை. நான் பிஸ்கட் எடுக்கும் சாக்கில் நின்றிருந்தேன். (குறிப்பெடுப்பவர்கள் நிற்கும் இடங்கள் எதுவும் கௌரவமானவை அல்ல.)

"ஏன் மேடம் அப்படிச் சொன்னீங்க?" என்றாள் மைக்கக்கா.

"வேற என்ன சொல்றது? பராமரிப்புன்னு எழுதுனீங்க. இத்தன வாரமா ஒரு படமும் வரல. எங்க ஊரு மேல இருக்கிற ஓட்டைய நாங்க உங்கள வெச்சுத்தான் அடைச்சோம். உங்களுது இல்லன்னா எங்களுக்கும் அரைக்கண்ணு போச்சு."

"எங்களால… விழா முடியட்டும்னு…"

"எங்களுக்கும் ஒரு தடவ போச்சு. 'ரேடார் வேலை செய்யல, வானத்தையும் பாத்துக்குங்க'ன்னு எங்க இணையதளத்தோட முதல் பக்கத்துலயே போட்டோம். ஒரு வாரம் கழுவிக் கழுவி ஊத்துனாங்க. அப்புறம் ரயில்வேயத் திட்டப் போயிட்டாங்க." அவர் சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "இன்னிக்கு எங்க மேல பழியப் போட்டுக்கிட்டேன். வீட்டுக்கு வந்த எடத்துல வேற என்ன பண்ண? ஆனா நாளைக்கும் நான் வர முடியாதுல்ல."

மைக்கக்கா மேட்டுக்குக் கீழே, சூளை இருக்கும் பக்கம் பார்த்தாள். சட்டென்று ஏதோ நினைவு வந்தவள் போல என் பக்கம் திரும்பினாள். "சார், உங்ககிட்ட வண்டி இருக்கா?"

8

போகும் வழியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்: எரிந்த பாகம், வெட்டி ஒட்டிய சின்னம், காலைத் தொலைபேசி. நான் காரின் துடைப்பான்கள் எப்படி— வேண்டாம்.

களத்தில் வரிசை வரிசையாகப் பரப்பியிருந்த பச்சைக்கற்கள் விளிம்பு மழுங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் குழைந்து கிடந்தன. சில வரிசைகளில் கல் எது தரை எது என்று தெரியவில்லை. ஓரத்தில் மடித்தபடியே கிடந்தது தார்ப்பாய். அண்ணன் முழங்கால் வரை மண்ணோடு வந்தார். கூடவே வேலையாட்கள், அவர்களில் மனைவியும் கணவனுமாக வார்ப்பவர்கள்தான் அதிகம். அந்த வாரத்து உழைப்பு காலடியில் சப்பென்று கிடந்தது.

"எதுக்கு நனைஞ்சுக்கிட்டு வந்த?" என்றார் அண்ணன்.

"அண்ணா, காலையில நான்—"

"அட விடு. வானம் பண்றதுக்கு நீ என்ன செய்வ? மூட்டத்தப் பாத்தேன், பாய எடுத்துட்டேன்கூட. அப்புறம் நீதான் சொல்லிட்டியேன்னு வெச்சுட்டேன்." ஆட்கள் பக்கம் திரும்பி, "எம் பாப்பா வருஷம் பூரா சரியாத்தான் சொல்லும். இன்னிக்கு ஒரு நாள் வானம் ஏமாத்திடுச்சு," என்றார். மண்ணைக் குழைத்துக்கொண்டிருந்த பெண் தலையை நிமிர்த்தாமல், "ஏமாத்துனது யாரா இருந்தா என்ன, மறுபடி வாக்குறது நாங்கதானே," என்றாள்.

மைக்கக்கா என்னைப் பார்த்தாள். 'நீங்க ஏதாவது பேசுங்க' என்ற பார்வையா, 'நீங்க ஒண்ணும் பேசாதீங்க' என்ற பார்வையா? இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

அண்ணன் கேட்டார்: "சார், நீங்க படிச்சவரு. அத்தாம் பெரிய மெஷினு, பக்கத்துல பேஞ்ச மழை எப்படிங்க தெரியாமப் போச்சு?"

நான் விளக்கினேன். கிண்ணம் அண்ணாந்து பார்க்க முடியாது என்று விளக்கினேன். தன் தலைக்கு மேலே இருப்பது ரேடாருக்குத் தெரியாது, உங்கள் சூளை அதற்கு ரொம்பப் பக்கம் என்று கைகளைக் கிண்ணமாக வளைத்துக் காட்டினேன். நன்றாகவே விளக்கினேன். அவர் முகம் தெளிந்தது.

"பாரேன்! பக்கத்துல இருக்கிறதுதான் தெரியாதாமே!" என்று சிரித்தார்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. எந்த அறிவியல் ஆசிரியரும் சரி என்று மதிப்பெண் போடுவார். ஆனால் அந்த ரேடார் செத்துப்போயிருந்தது. ஒரு உண்மையை எடுத்து, மடித்துக் கிடந்த அந்தத் தார்ப்பாயைப் போல, இன்னொன்றின் மேல் போட்டு மூடினேன். மேட்டில் அவள் செய்ததும் அதுதான். அவள் மேல் இருந்த வெட்கத்தை எழுத வந்தவன் நான். அந்தக் களத்தில் அது இரண்டாள் சுமையாகிவிட்டது.

வண்டியில் திரும்பும்போது அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "திட்டியிருந்தான்னா சொல்லியிருப்பேன் சார்."

9

இயக்குநர் படித்துவிட்டுக் கூப்பிட்டார். "மழை சீன் பிரமாதம். அந்தச் சின்னம் ஒட்டின மேட்டர மட்டும் தூக்கிடுங்க. கடைசியில நம்ம மைக்கக்காவும் அந்தப் பக்கத்து மேடமும் ஒரே குடையில நடந்து போற மாதிரி வெச்சா, ஒத்துழைப்புக்கு ஒத்துழைப்பும் ஆச்சு."

ஒரே குடை முடிவை எழுதியும் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. வேண்டுமானால் நீங்கள் அதை வைத்துக்கொள்ளலாம். கோபுரத்தில் இப்போது புதுப் பாகம் பொருத்தி, ரேடார் உண்மையாகவே பார்க்கிறது. படத்தின் நடுவில் வெற்று வட்டம் வந்துவிட்டது. அதையும் ஒரு முடிவாக வைக்கலாம். ஆனால் பழுது நீங்கியதைச் சொன்னால், பழுதாக இருந்த நாட்களைச் சொன்னதாகிவிடாது.

பிரதியை மைக்கக்காவுக்கும் அனுப்பியிருந்தேன். அவர் (இனி அவர்தான்) சில நாட்கள் கழித்துத் திருப்பினார். இரண்டு இடங்களில்தான் பேனா பட்டிருந்தது. மூன்றாம் பகுதியில் 'இரண்டு' கிலோமீட்டரை அடித்து 'நான்கு' என்று எழுதி, பக்கத்தில்: "கிண்ணத்தோட சாய்வ மட்டும் கணக்குப் போட்டீங்க. பூமி வளையறத விட்டுட்டீங்க." ஐந்தாம் பகுதியில் மூன்று காரணங்களில் (அ)வையும் (ஆ)வையும் ஒரே கோட்டில் அடித்திருந்தார். (இ)யைத் தொடவில்லை.

போன் செய்தேன்.

"உங்க அண்ணன் நீங்க எழுதுறது எதையும் படிக்காம விடமாட்டாருன்னு அன்னிக்குச் சொன்னீங்களே," என்றேன்.

"ஆமா. எங்க ஆபீஸ் துண்டுப்பிரசுரத்தக்கூட மத்தியானம் சாப்பிடும்போது எல்லாருக்கும் சத்தமா வாசிப்பான். மலரு வந்தா மொதல்ல அவன்தான் வாங்குவான்."

"அப்ப நிறுத்திடவா?"

"வேணாம். நானே போய்ச் சொல்றேன். வாக்குறவங்களுக்கும் சொல்லணும். சொல்லிட்டு உங்களுக்குப் போன் பண்றேன். அதுக்கப்புறம் அச்சுக்குக் குடுங்க. அதுக்கு முன்னாடி குடுத்துடாதீங்க சார்."

"எப்ப சொல்வீங்க?"

"விழா எதுவும் இல்லாத நாளாப் பாத்து," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

10

அந்தப் போனுக்காகக் காத்திருக்கிறேன். ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுப் பதில் வரும்வரை வாயை மூடிக்கொள்ளும் வித்தை எனக்குக் கைவரவில்லை என்று முன்பே சொன்னேன்.

இந்த மலர் ஏற்காவிட்டால் வேறு எங்காவது வரும். எங்கே வந்தாலும், இது அச்சில் உங்கள் கைக்குக் கிடைத்திருக்கிறது என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும்.

ஒன்று, அவர் சூளைக்குப் போய்ச் சொல்லிவிட்டார். அண்ணன் என்ன சொன்னார், குழைத்த மண்ணிலிருந்து அந்தப் பெண் தலையை நிமிர்த்தினாளா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். அந்தப் பக்கத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அதில் நான் இல்லாமல் இருந்தால் நல்லது, விளக்க ஆரம்பித்துவிடுவேன்.

இல்லையென்றால், அவர் இன்னும் சொல்லவில்லை. கடைசித் தேதி நெருங்கியது, நான் பொறுக்கமாட்டாமல் கொடுத்துவிட்டேன். அப்படியானால் இப்போது மதியச் சாப்பாட்டு நேரம். களத்தோரம் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். பாப்பாவைப் பற்றிக் கதை வந்திருக்கிறது என்று அண்ணன் பெருமையாகப் புத்தகத்தை விரித்து, ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்து, இந்த வரியில் நின்றிருக்கிறார்.